விமானத்தின் உந்துவிசையும் திறனும் இழுவையும்

ஆகாய விமானத்தின் எஞ்சின் என்ன காரியம் செய்கிறது என்று கேட்டால், விமானத்தை அந்தரத்தில் தாங்கி நிற்பது அதுவே என்றுதான் படித்தவரும் படியாதவரும் ஏறத்தாழ ஒரே குரலில் விடை சொல்வார்கள். ஜவ்வாது மலையின் மேட்டு நிலத்தில், ஜமுனாமரத்தூர்ச் சாலையிலோ காவலூர் வானாய்வு நிலையத்தை அடுத்த காட்டோரத்திலோ நின்று, தென்னாட்டு நகரங்களுக்கிடையே செல்லும் விமானம் ஒன்றை அண்ணாந்து பார்த்து, அதன் முழக்கம் சற்றுப் பின்தங்கி வந்து காதில் விழக் கேட்கிறவனுக்கும், அத்தனை பாரமும் அந்த முழக்கத்தின் பலத்தாலேயே மேலே நிற்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் உண்மை அதுவன்று. பாரத்தைத் தாங்குவது சிறகு. சிறகின்மேல் ஓடும் காற்று. எஞ்சினின் கடமை, காற்றுக்கு எதிராக அந்தச் சிறகை இடைவிடாமல் முன்னே நகர்த்துவது ஒன்றே. அந்தக் கடமைக்கு எவ்வளவு விசை வேண்டும், எவ்வளவு திறன் வேண்டும், இவ்விரண்டும் ஏன் வெவ்வேறு கணக்குகள், இவற்றைப் பிரித்தறியாத காலத்தில் அறிஞர்கள் எங்கே தடுமாறினார்கள், நம் நாட்டின் விமானத் தொழிலில் இந்தக் கணக்கு எப்படி வந்து வழக்குத் தீர்த்தது என்பனவற்றை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமமட்டத்தில், மாறாத வேகத்தில் பறக்கும் விமானத்தின்மேல் நான்கு விசைகள் செயற்படுகின்றன. கீழ்நோக்கி எடை, அதற்குச் சமமாக மேல்நோக்கித் தூக்குவிசை, பின்னோக்கிக் காற்றின் எதிர்ப்பாகிய இழுவை, அதற்குச் சமமாக முன்னோக்கி எஞ்சினின் உந்துவிசை. இவற்றுள் எடைக்கும் உந்துவிசைக்கும் நேரடி உறவு ஏதும் இல்லை என்பதுதான் முதலில் மனத்தில் பதிய வேண்டிய விஷயம். எடை தூக்குவிசையை நிர்ணயிக்கிறது. தூக்குவிசையை உண்டாக்குவதற்குச் சிறகு செலுத்தும் வரியைப்போல இழுவை பிறக்கிறது. அந்த இழுவையை மட்டுமே உந்துவிசை ஈடுசெய்கிறது. நல்ல சிறகு எவ்வளவு குறைந்த வரியோடு இக்காரியத்தை முடிக்கும் என்பதற்குத் தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதமே அளவுகோல். நம் விமான நிலையங்களில் அன்றாடம் காணும் ஏர்பஸ் ஏ-320 வகை விமானத்துக்கு இந்த விகிதம் சுமார் 17 என்று கொள்ளலாம். அப்படியானால், 65 டன் எடையோடு உயரத்தில் சீராகச் செல்லும்போது அதன் எஞ்சின்கள் இரண்டும் சேர்ந்து செலுத்த வேண்டிய விசை நான்கு டன்னுக்கும் குறைவே. அறுபத்தைந்து டன் பாரத்தை நான்கு டன் விசை நடத்திச் செல்லும் இந்த லாபம், சிறகு என்னும் சாதனத்தின் மகத்துவத்துக்குப் பிரத்யட்ச நிரூபணம்.

இனி, விசைக்கும் திறனுக்கும் உள்ள பேதம். கமலை இறைத்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மாடுகள் மெல்ல நடந்தாலும் விரைந்து நடந்தாலும் கயிற்றில் தொங்கும் சாலின் பாரம் ஒன்றுதான். ஆகவே கயிற்றின் இழுப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு நாழிகையில் இறைபடும் நீரின் அளவு மாட்டின் நடையைப் பொறுத்தது. மாடு களைப்பதும் அதைப் பொறுத்ததே. இழுப்பு என்பது விசை; இழுப்பை நடையின் வேகத்தால் பெருக்கினால் வருவது திறன். விமானத்துக்கும் இதுவே விதி. மேற்சொன்ன விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் சென்றால், அந்த நான்கு டன்னுக்கு உட்பட்ட விசை விமானத்துக்கு அளிக்கும் திறன் ஏறத்தாழ 8,600 கிலோவாட். பழைய அளவில் சொன்னால் 11,500 குதிரைத்திறன். அதே விமானம் ஓடுதளத்தின் தலைமாட்டில் பிரேக் பிடித்து நின்றபடி எஞ்சின்களை முழு வேகத்தில் ஓடவிடும் விநாடியில், உந்துவிசை தன் உச்சத்தில் இருக்கிறது. விமானம் நகராததால் அதற்குக் கிடைக்கும் திறனோ பூஜ்யம். எரிபொருள் முழுவதும் காற்றைப் பின்னே வீசி எறிவதிலேயே செலவாகிறது. விசை நிறைந்திருக்கத் திறன் இல்லாதிருக்கும் இந்த நிலையை மாணவர்கள் முதல் தடவை கேட்கும்போது நம்பத் தயங்குவதை ஆசிரியர் பலர் அறிவர்.

இழுவை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ள மனித குலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1799-ஆம் ஆண்டில் சிறிய வெள்ளித் தகடு ஒன்றில், சிறகின்மேல் செயற்படும் காற்றின் விசையைத் தூக்குவிசையாகவும் இழுவையாகவும் பிரித்துக் கோடுகளால் செதுக்கி வைத்தார். விமான சாஸ்திரம் அந்தத் தகட்டிலிருந்தே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. பறவையைப் போலச் சிறகடித்தே பறக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை விட்டு, தாங்கும் காரியத்தை ஒரு உறுப்புக்கும் செலுத்தும் காரியத்தை வேறொரு உறுப்புக்கும் ஒதுக்கியது அவருடைய பேரறிவு. அவருக்குப் பின் அமெரிக்காவின் சாமுவேல் லாங்லி, சுழலும் கரமொன்றின் முனையில் தகடுகளைப் பொருத்திப் பல காலம் பரிசோதித்து, 1891-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வேகம் கூடக் கூடப் பறப்பதற்கு வேண்டிய திறன் குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கண்ட முடிவு. இதைக் கேட்ட அக்காலத்தவர் பலர் பரிகசித்தார்கள். அவர் கூற்று முழு உண்மையன்று. ஆனால் முழுப் பொய்யும் அன்று. இதை விளங்கிக்கொண்டால் இழுவையின் இரகசியம் முழுவதும் விளங்கிவிடும்.

இழுவை இருவகைப்பட்டது. உடலின் மேற்பரப்பில் காற்று உராய்வதாலும், உருவத்தின் பின்னே காற்று கலைந்து சுழல்வதாலும் பிறப்பது ஒன்று. இது வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். மற்றொன்று தூக்குவிசையின் விலையாகப் பிறப்பது. சிறகின் கீழே அழுத்தம் மிகுந்தும் மேலே அழுத்தம் குறைந்தும் இருப்பதால் காற்று சிறகின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலேற முயல்கிறது. அதனால் நுனிகளில் சுழிகள் உண்டாகி விமானத்தின் பின்னே நெடுந்தூரம் தொடர்கின்றன. அச்சுழிகளை இடைவிடாது உண்டாக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் இழுவையாக வந்து சேர்கிறது. மெல்லப் பறக்கும்போது அதே எடையைத் தாங்கச் சிறகு மூக்கை உயர்த்திக்கொண்டு காற்றைப் பலமாகக் கீழே தள்ள வேண்டியிருப்பதால், இந்த இரண்டாம் இழுவை வேகம் குறையக் குறையப் பெருகும். வேகம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் 1907-இல் இதைக் கருத்தளவில் கண்டுரைத்தார். ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்டல் முதல் உலகப் போரின் இறுதியை ஒட்டிக் கணித வடிவில் நிலைநாட்டினார். லாங்லி கண்டது இந்த இரண்டாம் இழுவை மேலோங்கிய மந்த வேகப் பகுதியை. உராய்வை அவர் புறக்கணிக்கத் தக்கது என்று கருதிவிட்டார். பரிசோதனை சரியாக இருந்தும் அதன் எல்லைக்கு அப்பால் முடிவை நீட்டியதில்தான் பிழை நேர்ந்தது.

ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இவ்விரண்டின் கூட்டுத்தொகை ஏதோ ஒரு வேகத்தில் மிகக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். இரண்டு இழுவைகளும் சமமாகும் வேகமே அது. அந்த வேகத்தில் விமானத்துக்கு மிகக் குறைந்த உந்துவிசை போதும். ஆனால் மிகக் குறைந்த திறன் போதுமான வேகம் அதுவன்று. திறன் என்பது இழுவையை வேகத்தால் பெருக்கியதாகையால், இன்னும் சற்று மெல்லப் போனால் இழுவை கொஞ்சம் கூடினாலும் வேகம் குறைவதால் பெருக்கற்பலன் மேலும் குறைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், குறைந்த இழுவைக்குரிய வேகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபத்தாறு பங்கு வேகத்தில் திறனின் தேவை அடிமட்டத்தை அடைகிறது. அங்கே இழுவை தன் குறைந்த அளவைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாகவே இருக்கும். ஒரே விமானத்துக்கு, ஒரே உயரத்தில், சிக்கனமான வேகங்கள் இரண்டு என்னும் இந்த உண்மை விமானப் பயிற்சியின் முதற்பாடங்களில் ஒன்று. பலர் அதை மனப்பாடம் செய்கிறார்கள், சிலரே காரணத்தை உணர்கிறார்கள்.

அந்தக் காரணத்தைக் கண்ணால் காண விரும்புகிறவர்களுக்கு எஞ்சினே இல்லாத விமானம்தான் சிறந்த ஆசான். காவலூருக்கு நேர் மேற்கே, இடையிலுள்ள பள்ளத்தாக்கைத் தாண்டி எழும் ஏலகிரி மலை, தமிழ்நாட்டில் பாராகிளைடிங் பழகுவோர் நன்கறிந்த இடம். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம்; அடிவாரத்து ஜோலார்பேட்டைச் சமவெளி சுமார் நானூறு மீட்டர். எனவே, மலை விளிம்பிலிருந்து துணிச்சிறகோடு ஓடிப் பாய்கிறவனுக்கு அறுநூறு மீட்டர் உயரம் மூலதனமாகக் கிடைக்கிறது. அவனும் அவனுடைய சிறகும் சேர்ந்து 90 கிலோ என்றும், சிறகின் விகிதம் ஒன்பது என்றும் கொண்டால், அவன்மேல் செயற்படும் இழுவை 10 கிலோ எடைக்குச் சமமான விசை. அந்த விசையை ஈடுசெய்ய எஞ்சின் எங்கே இருக்கிறது? அவன் சமமட்டத்தில் பறக்கவில்லை. ஒன்பது மீட்டர் முன்னே போவதற்கு ஒரு மீட்டர் கீழே இறங்குகிறான். பாதை அவ்வாறு சாய்ந்திருப்பதால் அவனுடைய எடையிலேயே ஒன்பதில் ஒரு பங்கு முன்னோக்கிச் செயற்பட்டு உந்துவிசையின் ஸ்தானத்தை வகிக்கிறது. சரிவின் கோணம் இழுவைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைத் தவிர வேறொன்றும் அல்ல. காற்று அசையாதிருந்தால் அவன் அறுநூறு மீட்டர் உயரத்தைக்கொண்டு ஐந்தரை கிலோமீட்டர் தூரம் சென்று சமவெளியில் இறங்குவான்.

அவன் எவ்வளவு நேரம் அந்தரத்தில் இருப்பான் என்பதோ வேறு கேள்வி. விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் சென்றால் விநாடிக்கு 1.1 மீட்டர் இறங்குவான்; ஒன்பது நிமிஷத்தில் பயணம் முடியும். அந்த இறக்கத்தில் அவனுடைய எடை ஒவ்வொரு விநாடியும் இழக்கும் ஆற்றல்தான் அவனைப் பறக்கவைக்கும் திறன், ஏறக்குறைய 1.3 குதிரைத்திறன் என்று கணக்கு வருகிறது. இப்போது அவன் கைப்பிடிகளைச் சற்றே இழுத்துச் சிறகின் பின்விளிம்பைத் தாழ்த்தி வேகத்தைக் குறைத்தானானால், இறக்க வேகம் இன்னும் சிறிது குறையும். ஆனால் சரிவு சற்றுச் செங்குத்தாகிவிடும். அதிக நேரம் மிதப்பான், குறைந்த தூரமே செல்வான். நேரத்தை நாடுகிறவனுக்கு ஒரு வேகம், தூரத்தை நாடுகிறவனுக்கு வேறொரு வேகம். பறத்தலில் கோணம் என்பது விசையின் கணக்கு, நேரம் என்பது திறனின் கணக்கு. இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் விமான சாஸ்திரத்தின் இப்பகுதியில் எந்த இருட்டிலும் வழி தவறாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெயிலேறிய பிறகு பாறைச் சரிவுகளும் தரிசு நிலங்களும் சூடேறி, அவற்றின்மேல் உள்ள காற்று தூண்போல் எழும்போது, கழுகுகளும் பருந்துகளும் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வதை இம்மலைகளில் காணலாம். விநாடிக்கு இரண்டு மீட்டர் எழும் காற்றுக்குள் விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்கும் பறவை, தரையைப் பொறுத்தமட்டில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அப்போது அது மிகக் குறைந்த திறனுக்குரிய மந்த வேகத்தில் சுற்றுகிறது. காற்றுத்தூணின் உச்சியை அடைந்ததும் அடுத்த தூணைத் தேடிச் சிறகைக் குறுக்கிக்கொண்டு விரைகிறது. பாராகிளைடர்காரர்கள் இதே முறையைப் பறவைகளிடம் கற்று, பறவை வட்டமிடும் இடத்தையே அடையாளமாகக் கொண்டு அங்கே போய்ச் சேருகிறார்கள்.

சிறகின் நீளம் திறனை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு இன்னொரு சான்றும் சொல்ல வேண்டும். 1979 ஜூன் 12-ஆம் தேதி பிரயன் ஆலன் என்ற அமெரிக்கர், கால்களால் மிதித்து இயக்கும் காஸமர் அல்பட்ராஸ் என்ற விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவரும் விமானமும் சேர்ந்து நூறு கிலோவுக்கு உட்பட்ட எடை. நம் ஏலகிரி வீரனை ஒத்த பாரம்தான். ஆனால் சிறகின் நீளம் சுமார் முப்பது மீட்டர். அதனால், மேற்சொன்ன 1.3 குதிரைத்திறன் தேவைப்பட்ட இடத்தில், குதிரைத்திறனில் மூன்றிலொரு பங்கை ஒட்டிய திறன் போதுமாயிற்று. நீண்ட சிறகு நுனிச் சுழிகளை மெலியச் செய்கிறது. மந்த வேகத்தில் அவையே இழுவையின் பெரும்பகுதி. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு மனிதனின் கால்கள் இந்தக் கணக்கைக் கடல்மேல் மெய்ப்பித்தன.

ரைட் சகோதரர்களின் வெற்றியும் இந்தக் கணக்கின் வெற்றியே. 1901-இல் தாமே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்துச் சிறகு வடிவங்களை அளந்து பார்த்த அவர்கள், தங்கள் விமானம் பறப்பதற்குச் சுமார் 90 பவுண்டு உந்துவிசை தேவை என்று மதிப்பிட்டு, அதற்கேற்பச் சுழல்விசிறிகளை வடித்து, பன்னிரண்டு குதிரைத்திறன் எஞ்சினோடு 1903 டிசம்பர் 17-இல் பறந்தார்கள். அதே ஆண்டு லாங்லியின் விமானம் ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அருமையான எஞ்சினோடு இருமுறை ஆற்றில் விழுந்தது. அவ்விழுகைக்குக் காரணம் விமானத்தை ஏவும் அமைப்பின் கோளாறும் உடலமைப்பின் பலவீனமுமே என்றாலும், திறன் மிகுந்திருந்தால் மற்றவை தாமே சரியாகும் என்ற நம்பிக்கை எவ்வளவு பயனற்றது என்பதை அது உலகுக்கு அறிவித்தது. நம் சென்னையிலும், ஹோட்டல் நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தாரைக்கொண்டு தம் விமானத்தைக் கட்டுவித்து 1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் பறந்து காட்டினார் என்பது தமிழர் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி.

இனி எஞ்சின்களின் பக்கம் வருவோம். சுழல்விசிறியை ஓட்டும் எஞ்சின் ஏறக்குறைய மாறாத திறனைத் தருவது; ஆகையால் விமானத்தின் வேகம் கூடக் கூட அதன் உந்துவிசை குறைந்துகொண்டே வரும். ஜெட் எஞ்சினோ ஏறக்குறைய மாறாத உந்துவிசையைத் தருவது. வேகம் கூடக் கூட அதன் திறன் பெருகும். முன்னதைக் குதிரைத்திறனாலும் பின்னதை டன் அல்லது கிலோநியூட்டனாலும் குறிப்பிடுவது இதனாலேதான். சுழல்விசிறி விமானத்தின் எரிபொருள் செலவு திறனைத் தொடர்வது. எனவே அதிக நேரம் காற்றில் காத்திருக்கக் குறைந்த திறனின் வேகமும், அதிக தூரம் செல்லக் குறைந்த இழுவையின் வேகமும் அதற்கு உகந்தவை. ஜெட் விமானத்தின் செலவு உந்துவிசையைத் தொடர்வது. ஆகவே காத்திருப்பதற்கே குறைந்த இழுவையின் வேகம் உரியது. தூரத்துக்கு அதைவிட விரைவாகப் போவதே லாபம். மூடுபனியால் நிலையம் அடைபட்டு விமானம் வானில் வட்டமிடும்போது விமானி தேர்ந்துகொள்ளும் வேகம் இவ்வகையில் நிர்ணயமானது.

காற்றைப் பின்னே தள்ளித்தான் முன்னே செல்ல முடியும் என்பது இரண்டு எஞ்சின்களுக்கும் பொது. ஆனால் கொஞ்சம் காற்றைக் கடுவேகத்தில் வீசுவதைவிட, நிறையக் காற்றை மெல்லத் தள்ளுவது ஆற்றலை மிச்சப்படுத்தும். ஆதிகால ஜெட் எஞ்சின்கள் முதல்வகையைச் சேர்ந்தவை. இன்றைய பயணிகள் விமானங்களின் எஞ்சின் முகப்பில் ஆள் நிற்கும் அளவு பெரிய விசிறி இருப்பதும், புதிய லீப் எஞ்சினில் உள்ளே எரியும் பகுதிக்குப் போகும் காற்றைப்போல் சுமார் பதினொரு மடங்கு காற்று வெளிப்புறமாகவே கடந்து போவதும் இந்தத் தத்துவத்தின் பயன்.

உயரத்தின் விளைவும் கவனிக்கத் தக்கது. காவலூர் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையைவிட நூற்றுக்கு ஏழு பங்கு குறைவு. பெங்களூர் விமான நிலையத்தில் குறைவு எட்டரைப் பங்கு. பதினோராயிரம் மீட்டர் உயரத்திலோ காற்று மூன்றிலொரு பங்கைவிடக் குறைந்துவிடுகிறது. அடர்த்தி குறையும்போது அதே எடையைத் தாங்க வேகத்தைக் கூட்ட வேண்டும். ஆனால், வியப்பாயினும் உண்மை, தாங்குவதற்கான மிகக் குறைந்த இழுவை உயரத்தால் மாறுவதில்லை; வேகம் கூடுவதால் திறன் மட்டுமே கூடுகிறது. அதே விசையைக்கொண்டு விரைவாகச் செல்ல முடிவதால்தான் ஜெட் விமானங்கள் உயரத்தை நாடுகின்றன. எஞ்சின்களின் உந்துவிசையும் அடர்த்தியோடு குறைவதால், உயரத்தில் நான்கு டன் தேவைப்படும் விமானத்துக்குத் தரையில் எஞ்சின் ஒவ்வொன்றும் பன்னிரண்டு டன் தரவல்லதாக அமைக்கப்படுகிறது. புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் மற்றதைக்கொண்டு ஏறியாக வேண்டும் என்ற விதியும் அதற்குக் காரணம்.

ஏறுவதும் இறங்குவதைப் போன்றதே. இழுவை போக மிஞ்சிய உந்துவிசை ஏற்றத்தின் கோணத்தை நிர்ணயிக்கிறது. தேவை போக மிஞ்சிய திறன் ஏறும் வேகத்தை நிர்ணயிக்கிறது. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்துப் பழைய ஓடுதளம் போன்று சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த இடத்திலிருந்து சிறிய விமானத்தில் கிளம்பும் விமானி, எதிரே நிற்கும் குன்றைத் தாண்டும்வரை கோணத்துக்குரிய மந்த வேகத்தைக் கைக்கொண்டு, அதன் பிறகே விரைவாக உயரம் பெறுதற்குரிய வேகத்துக்கு மாறுவான். தரையிறங்கும் நேரத்திலோ ஆபத்து வேறு வகையானது. குறைந்த இழுவையின் வேகத்துக்குக் கீழே போய்விட்ட விமானம், மேலும் மெல்லப் போவதற்கு மேலும் உந்துவிசையைக் கேட்கும். மூக்கை உயர்த்தினால் மேலேறலாம் என்று பழகிய கை இங்கே மூக்கை உயர்த்த உயர்த்த, விமானம் கீழே அமிழ்ந்துபோகும். லாங்லி கண்ட அந்தப் பகுதியே இது.

இழுவையைக் குறைக்கும் முயற்சி 1929-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மெல்வில் ஜோன்ஸ், அக்கால விமானங்கள் தவிர்க்கக்கூடிய இழுவைக்கே தம் திறனில் பெரும்பங்கைப் பறிகொடுக்கின்றன என்று எடுத்துக்காட்டிய பிறகு வேகம் பிடித்தது. கம்பிகளும் முட்டுகளும் மறைந்தன. சக்கரங்கள் உள்ளே மடங்கின. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது புதிதாக மூன்றாவது இழுவையொன்று, அழுத்த அலைகளால் திடீரென எழுந்து வழிமறிக்கிறது. அமெரிக்காவின் எஃப்-102 விமானம் முதல் வடிவில் அந்த வாசலைத் தாண்ட முடியாமல் நின்று, ரிச்சர்ட் விட்கோம்ப் 1952-இல் கண்ட விதிப்படி உடலின் நடுவை இடைபோல் ஒடுக்கிய பிறகு 1954-இல் தாண்டியது. உருவத்தை மாற்றி வென்றதற்கு இது புகழ்பெற்ற உதாரணம்.

உருவம் சிறந்திருந்தும் எஞ்சின் இல்லாமல் தோற்றதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து, நம் பொறியாளர்களைக்கொண்டு எச்.எஃப்-24 என்னும் போர் விமானத்தை வடிவமைத்தார். மாருத் என்று பெயர் பெற்றது அதுவே. காற்றுச் சுரங்க வசதி போதாத அந்நாளில், முழு உருவ அளவில் மரத்தால் ஒரு கிளைடரைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று 1959-இல் பறக்கவிட்டு அதன் குணங்களை அறிந்தார்கள். அந்த உழைப்பையும் துணிவையும் எண்ணும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. 1961 ஜூன் 17-ஆம் தேதி சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதன்முதல் ஓட்டினார். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தை எண்ணி அமைந்த உருவம் அது. அதற்கென எதிர்பார்த்தது, வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரிக்கும் பின்னெரிப்போடு 8,170 பவுண்டு உந்துவிசை தரும் பிரிட்டிஷ் ஓர்ஃபியஸ் எஞ்சின். அந்த எஞ்சினை உருவாக்கும் செலவை பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. நம் அரசும் ஏற்கவில்லை. கிடைத்தது 4,850 பவுண்டு தரும் பழைய ஓர்ஃபியஸ். இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 16,340 பவுண்டு தர வேண்டிய இடத்தில் 9,700 பவுண்டே தந்தன. அறுபது சதவீதத்துக்கும் குறைந்த உந்துவிசையோடு, அலை இழுவை எழும் வாசலில் அந்த அழகிய விமானம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. எகிப்தில் உருவான எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். பெங்களூரிலேயே பின்னெரிப்பு அமைத்துப் பார்த்தார்கள். அதற்கு இடங்கொடுக்க வால்புறத்தைப் பருக்கவைத்தால் அங்கே இழுவை கூடும் என்பது வடிவமைப்பாளர் அனைவரும் அறிந்த சங்கடம். 1970 ஜனவரி 10-இல் அவ்வகைச் சோதனை விமானத்தில் கிளம்பிய சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். 147 மாருத் விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் அவை நற்பணி ஆற்றின. ஆயினும் எந்த வேகத்துக்காகப் பிறந்தனவோ அந்த வேகத்தை ஒருநாளும் காணாமலே ஓய்வு பெற்றன.

மாருத்தின் வழக்கில் குற்றவாளி இழுவையும் அன்று, வடிவமும் அன்று. இழுவையைக் குறைக்கும் வித்தையில் நாம் அப்போதே தேர்ந்திருந்தோம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-லேயே விமானப் பொறியியல் துறை தோன்றிவிட்டது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் இந்தக் கல்வி நடந்து, அப்துல் கலாம் போன்றோர் அங்கே பயின்றார்கள். தேசிய விமான ஆய்வகம் 1967-இல் பெரிய காற்றுச் சுரங்கத்தையும் நிறுவிவிட்டது. உந்துவிசையோ வெறும் வடிவக் கணக்கால் வருவதன்று. உருகும் வெப்பத்தைத் தாண்டிய வாயுவில் சுழலும் உலோக இலைகளை வார்க்கும் தொழில், பல ஆண்டுச் சோதனை ஓட்டம், தோல்விகளைச் சகிக்கும் பொறுமை, இவற்றின் கூட்டு அது. 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய காவேரி எஞ்சின் திட்டம், எண்பது கிலோநியூட்டன் அளவை நோக்கிச் சென்று அதை எட்டாமல் நின்றதால், 2008-இல் நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் 2001 ஜனவரி 4-இல் முதன்முதல் பறந்ததும் அமெரிக்க எஃப்-404 எஞ்சினால்தான். 2018-இல் நம் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு அதன் முதல் படைப்பிரிவு வந்து சேர்ந்ததும் அதே வகை எஞ்சினோடுதான்.

விமானம் ஒன்றைத் திட்டமிடும்போது எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும். சிறகிலிருந்து தொடங்கி, எஞ்சின் எங்கிருந்தோ வந்து சேரும் என்று காத்திருக்கலாகாது. மாருத்துக்கு வேண்டிய எஞ்சினுக்குப் பணம் மறுத்த அன்றைய முடிவை நான் இந்திய விமானத் தொழிலின் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். காவேரியில் செலவான ஆண்டுகளை வீண் என்று பேசுவோர் இன்றும் உண்டு. அவர்களுடைய பேச்சுக்கு இடங்கொடுத்து இன்னொரு முறை பாதி வழியில் கையை விட்டுவிடாமல், எஞ்சின் முயற்சிக்கு வேண்டிய பொருளையும் காலத்தையும் தொடர்ந்து அளிக்குமாறு ஆட்சியில் இருப்போரையும், உலோகவியலிலும் வெப்பவியலிலும் தேர்ந்த தமிழ்நாட்டு மாணவர்கள் வேறு தொழில்களை நாடிப் போவதற்கு முன் இந்தத் துறையை ஒருதரமேனும் எண்ணிப் பார்க்குமாறு அவர்களையும், இந்தக் கட்டுரையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.